சிங்காரத்தின் மூக்கு

1964 ஐப்பசியில் என்னிடம் அறுபது மூட்டை நெத்திலிக் கருவாடு இருந்தது. கடலூர் வானத்தில் மேகம் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டால் என் வியாபாரம் அத்தோடு முடிந்தது. நனைந்த கருவாட்டைப் பூனைகூட மதிக்காது. மழைக்கு முன்னால் சேலம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைத்தேன். இல்லாதது ஒரு லாரிதான்.

"லாரி புரோக்கர் நைனா முகம்மது பாயிகிட்ட போங்க" என்றாள் என் மனைவி மலர்க்கொடி. எனக்கு மனம் வரவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி அவருக்கு இருந்தது ஒரு பெஞ்சு. டெலிபோன் பக்கத்து வெற்றிலைக் கடைக்காரருடையது. லாரி கிடையாது, கிடங்கு கிடையாது, சைக்கிள்கூட வாடகைச் சைக்கிள். ஒன்றுமே இல்லாத மனிதருக்கு எதற்குக் கமிஷன்? ரோட்டில்தான் லாரி லாரியாக ஓடுகிறதே!

மாதிரிக்கு ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கெடிலம் பாலத்தருகே நின்று கை காட்டினேன். முதல் லாரி நின்றது. டிரைவர் ஒருமுறை மூச்சை இழுத்தார், வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். அரைமணி கழித்து வந்துதான் எடுத்துப் போனார். அடுத்த லாரி என்னைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டு பின்பக்கமாகவே ஓடியது. பாண்டிச்சேரி வரைக்கும் அப்படியே போனதாக ஊரில் சொல்கிறார்கள். எனக்கு மிகைப்படுத்துவது பிடிக்காது. நான் என் கண்ணால் பார்த்தது பெண்ணையாற்றுப் பாலம் வரைக்கும்தான்.

மூன்றாம் நாள் காலை நாலு தூறல் விழுந்தது. பாயிடம் ஓடினேன்.

"வா சபாபதி மச்சான். மூணு நாளா பாலத்துல நிக்கிறியாமே? காத்து இந்தப் பக்கம் அடிக்கையில எனக்கே தெரிஞ்சிது."

"கிண்டல் பண்ணாத பாய். லாரி இருக்கா?"

"எங்கிட்ட ஏது லாரி?" என்றவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே பேசினார். "சேலத்துலேர்ந்து ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு சிங்காரம்னு ஒருத்தன் நேத்து சிதம்பரம் வந்திருக்கான். திரும்பறப்ப காலி வண்டி. மொதலாளி கருவாடு வேணாம்பாரு, அடுத்த லோடுல வாடை ஏறும்னு. அதனால கருவாட்ட எறக்குனதும் சேலத்துலேர்ந்து அடுப்புக்கரி ஏத்திவுடுறேன். சிதம்பரம் வெறகுக்கடையில கேட்டுக்கிட்டே இருக்காங்க. கரி ஏத்துன வண்டியில எந்த வாடை நிக்கும்?"

"டிரைவர் ஒத்துக்கணுமே?"

"அவனுக்கு மூக்கு வேலை செய்யாது மச்சான். டைபாய்டுல போயிடுச்சி."

தென்னாற்காடு ஜில்லாவில் எந்த லாரி காலி, எந்த ஊருக்கு எது வேண்டும் என்பது மட்டுமல்ல, டிரைவர்களின் மூக்கு நிலவரமும் அந்த வழுக்கைத் தலைக்குள் இருந்தது. இரண்டே போன். மறுநாள் விடிந்ததும் லாரி என் கிடங்கு வாசலில் நின்றது. தார்ப்பாய்க் கயிறு ஒவ்வொன்றையும் பாய் தன் கையால் இழுத்துப் பார்த்த பிறகே போகச் சொன்னார்.

நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியில் சோதனைச் சாவடிக்காரர் தார்ப்பாயின் ஓரத்தை ஒரு கையால் தூக்கினார், மறு கையால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் எந்தச் சரக்கும் அங்கே தாண்டியதில்லை.

கம்மாபுரத்தை நெருங்கும்போது சிங்காரம், "பஜ்ஜி போடுறாங்கண்ணே. வெங்காய பஜ்ஜி" என்றான்.

கடை இன்னும் கண்ணிலேயே படவில்லை.

"யோவ், ஒனக்கு மூக்கு இல்லேன்னாரே பாய்?"

சிங்காரம் சிரித்தான். "இதே எடத்துல ஒருவாட்டி அச்சு முறிஞ்சி நின்னேண்ணே. பாய் பன்னெண்டு மாட்டுவண்டி புடிச்சாந்து லோட மாத்தி அனுப்புனாரு. எம் மேல தப்பு இல்லேன்னு மொதலாளிகிட்டயும் சரக்குக்காரர்கிட்டயும் அவரே நின்னு பேசுனாரு. அஞ்சு வருசமா என்னைய ஒரு தடவகூட காலியா திருப்பி அனுப்பல."

நல்ல பையன், வண்டியும் நல்ல வண்டி. எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். "சரிதான். அடுத்த வருசம் நடுவுல பாய் எதுக்கு? நீயும் நானும் நேரா பேசிக்கலாமே!"

லாரி நின்றது. சிங்காரம் தோள் துண்டை எடுத்து நிதானமாக மூக்கைச் சுற்றிக் கட்டினான்.

"பாய் சொன்னா எனக்கு மூக்கு இல்லண்ணே. நீங்க சொன்னா இருக்குது. மூட்டைய எறக்கிடவா?"

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். மேகம் எருமை மந்தையாய்க் கீழே இறங்கியிருந்தது.

"பாய்கிட்டயே சொல்றேன்யா. நான் இருக்கிற வரைக்கும் பாய்தான்!"

துண்டு கழன்றது. லாரி கிளம்பியது. பஜ்ஜிக்கு மட்டும் நின்றோம்.

சேலத்தில் கடைசி மூட்டை கொட்டகைக்குள் போன பிறகுதான் முதல் சொட்டு விழுந்தது. மழையிடமும் பாய் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து அதை அவரிடம் கேட்டேன். இல்லையென்று அவர் சொல்லவில்லை.