நூலுக்கு நூறு சதவீத வரி

கணினி அறையில் ஒரு மாணவன் வராததால் ஒரு நாடு ஆளில்லாமல் கிடந்தது. "நீங்களே உட்காருங்க மேடம்" என்றார் துறைத்தலைவர். ஓரமாக உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கலாம் என்று வந்த என்னைத் துணி நெய்யும் நாட்டுக்கு அதிபராக்கிவிட்டார்கள். பருத்தி நூல் விற்கும் நாட்டை, வகுப்பு நடத்தும் குட்டி மேடமே வைத்திருந்தாள். மாணவர்கள் வைத்த பெயர் அது; அப்படியென்றால் நான் பெரிய மேடம். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கணினி விளையாட்டில் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, சுவர்த்திரை முழுக்கக் கடலும் கப்பலுமாக ஓடவிட்டு, பன்னாட்டு வணிகம் நடத்துகிறாள். நான் இத்தனை காலம் கரும்பலகையில் நடத்திய பாடம். அடுத்த வருஷம் அது யாருக்கு என்று இந்த வகுப்பைப் பார்த்துத்தான் துறைத்தலைவர் முடிவு செய்வார்.

பாடம் போனால் போகட்டும். என் மகளும் இந்த வகுப்பில்தான் படிக்கிறாள். நான் நடத்தும்போது கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டவளுக்கு, இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் குட்டி மேடம் புராணம்தான். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். அவள் அப்பா வேறு, அந்தப் பொண்ணை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடேன் என்கிறார். கூப்பிட்டுவிட்டாலும்!

பக்கத்து நாற்காலியில் மகள். என்னிடம் துணி வாங்கிச் சட்டை தைக்கும் நாடு அவளுடையது. ஆட்டம் தொடங்கியதும் குட்டி மேடத்தின் நூல் கப்பல் என் துறைமுகத்துக்கு வந்தது. யோசிக்கவேயில்லை, நூலுக்கு நூறு சதவீத வரி என்று தட்டினேன். கப்பல் திரும்பிப் போனதைப் பார்க்க மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அடுத்த சுற்றில், நூலில்லாமல் என் ஆலைகள் சுவரில் ஒவ்வொன்றாக அணைந்தன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மகள் என் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா, நூல் மேல வரி போட்டா துணி நெய்யிறவன் தலையிலதான் விடியும். நீதானே சொல்லிக்கொடுத்த?"

கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், கழுதை. அதற்குள் குட்டி மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மேடம், வேணும்னா வரியை எடுத்துடலாம். இன்னும் நேரம் இருக்கு."

குரலில் துளிக்கூடக் கேலியில்லை. இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

"இருக்கட்டும்" என்றேன்.

மகள் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் திரைக்குத் திரும்பினாள். சுவரில், துணிக்காக என் துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற அவள் கப்பல், மெல்ல மூக்கைத் திருப்பிக்கொண்டு, நூலையே வாங்கிக்கொள்ள குட்டி மேடத்தின் நாட்டை நோக்கிப் போனது.