பிரித்துக் காட்டிய அடுக்குகள்

விமான நிலையத்தின் சோதனை அறையில், மேசை முழுக்க அவளுடைய அச்சோவியங்கள் விரிந்து கிடந்தன. எட்டுத் தாள்கள். மூன்று மாதம் அந்த அயல்நாட்டில் சுற்றி, பார்த்ததையெல்லாம் தகட்டில் கோடாகச் செதுக்கி, ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு நிறத்தில் அச்சடித்தவை. பார்ப்பவருக்குக் கோடும் கறையுமாகத்தான் தெரியும். அதிகாரிக்கோ வரைபடமாகத் தெரிந்தது.

"இது எந்த இடம்னு கேக்கறார்" என்றாள் மொழிபெயர்க்க வந்த பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன வாரம் ஒருத்தரை இதே அறையிலேர்ந்து எங்கேயோ கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் தகவல் இல்ல" என்றாள்.

அவள் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாயிற்று. விமானத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடம். வீட்டில் ஆறு வயது மகள், அம்மா வந்தால்தான் தலை பின்னிக்கொள்வேன் என்று மூன்று நாளாக அப்பாவை ஆட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எந்த இடமும் இல்லைங்க. மனசுல தோணினது."

அதிகாரி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார், உதட்டைப் பிதுக்கினார். அவருக்கே அலுத்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். மகராசி விட்டாளா? தன் வேலையை நாலு பேருக்கு விளக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் இந்தக் கலைஞர்களுக்கு.

"ஒவ்வொரு அடுக்கையும் தனியா அடிச்சுப் பார்த்த தாள் எங்கிட்ட இருக்கு. பிரிச்சுக் காட்டினா புரியும்னு சொல்லும்மா."

அந்தப் பெண் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அதற்குள் இவள் பெட்டியின் அடியிலிருந்து சோதனைத் தாள்களை எடுத்துப் பரப்பிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சேர்ந்திருந்தபோது புகையாகக் கிடந்தவை, பிரிந்ததும் பளிச்சென்று தெரிந்தன. நீலத்தில் துறைமுக வாசல். சிவப்பில் பாலத்தின் தூண்கள். பழுப்பில் ரயில் நிலையப் படிக்கட்டு, எண்ணிப் பார்த்தால் ஒரு படி குறையாது. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று இத்தனை நாள் பூரித்தவள், இப்போது அந்தக் கண்ணையே சபித்தாள். அதிகாரியின் விரல் துறைமுக வாசலில் நின்றது. அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"மனசுல தோணினதுன்னு ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கறார்." மொழிபெயர்த்த பெண் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இவள் அவசரமாகத் தாள்களை ஒன்றாகச் சேர்த்தாள். "சும்மா கிறுக்கினதுங்க. ஒரு அர்த்தமும் இல்ல. சத்தியமா இல்ல."

அதிகாரி சோதனைத் தாள்களை மட்டும் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒரு பென்சிலை அவள் பக்கம் உருட்டினார்.

"இப்ப சொன்னதையே எட்டுத் தாள்லயும் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். உங்க மொழியிலேயே. நாளைக்கு யாராச்சும் கேட்டா அவருக்கு ஒரு பதில் வேணுமாம். எழுதினா போகலாம்க்கா."

'இது வெறும் கிறுக்கல். இதில் பொருள் ஒன்றுமில்லை.' முதல் தாளில் எழுத்து கோணிக்கொண்டு ஓடியது. இரண்டாவதில் கண்ணீர் மறைத்தது. மகளை நினைத்துக்கொண்டு எழுதினாள். ஐந்தாவதில் எழுத்து நேரானது. எட்டாவதில் எழுத்து முத்து முத்தாக விழ, அதிகாரியே தலையசைத்தார்.

கதவு திறந்தது. சுருட்டிய தாள்களை அணைத்துக்கொண்டு விமானத்துக்கு ஓடும்போதுதான் அவளை நிஜமான பயம் பிடித்தது. கடைசி மூன்று தாளில் அவள் அந்த வாக்கியத்தை நம்பித்தான் எழுதியிருந்தாள்.