பாசி ஒட்டிய மரத்தடி

1

வெட்டிய ஒரு மரத்தடியில் ஒட்டியிருந்த பாசிதான் இந்தக் கதைக்குக் காரணம். எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்* வாசலில் லாரியிலிருந்து தடிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் பச்சைப் பாசி, ஈரம் காயாமல். மழை முகமே பார்க்காத கரிசலுக்கு இந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். மலையில் மின்சாரத்துக்காக ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்களாம். மூழ்கப்போகும் காட்டை வெட்டி மலிவாக விற்கிறார்களாம்.

'நதி என்பது மலையின்

[அடித்துவிட்டேன். கரிசல்காரனுக்கு நதியைப் பற்றி என்ன தெரியும்?]

2

ஆகவே நதி தெரியாத ஒருவரையே கதைக்குள் மலைக்கு அனுப்பினேன். காசிராஜன், அந்த ஆபீஸின் முதலாளி. அந்த அணை முடிந்துவிட்டது; பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டாவது அணை வரப்போகிறது. அந்தக் காட்டை வெட்டும் குத்தகையை எடுக்கப் போனார். மரம் கிடைத்தால் ஆபீஸ் ஓடும். இல்லாவிட்டால் பூட்டுத்தான்; குச்சி அடுக்கும் பெண்களுக்கு வேலை போய்விடும்.

ஆறு பாய்வதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அப்புறம் வயிறெரிந்தார்.

"இம்புட்டுத் தண்ணியும் வீணால்லா போகுது! மறிச்சா என்ன தப்பு?"

ஏற்கெனவே கட்டி முடித்த முதல் அணைக்குக் கீழே கூட்டிப்போனேன். தண்ணீர் முழுவதையும் ராட்சதக் குழாயில் மின்நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஆற்றில் வெறும் பாறை. ஒரு குட்டையில் மீன்கள் வாய் பிளந்து கிடந்தன, ஏதோ போல — [வேண்டாம். மீன்கள் மீன்களாகவே சாகட்டும்.] காசிராஜன் குனிந்து சேற்றைத் தொட்டு முகர்ந்தார். கண்மாய் வற்றும்போது வருமே, அதே நாற்றம்.

"இது நம்ம ஊருல்லா," என்றார்.

3

குத்தகையே வேண்டாம் என்று அவரைச் சொல்லவைத்து ஊர் திரும்பவும் வைத்தேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் மனைவி மீனாட்சியம்மாள் விடவில்லை.

"நீங்க வேண்டாம்னா வேற ஆளு வெட்டுவான். நாளைக்குக் குச்சி அடுக்குற சுப்புத்தாயி வேலைக்கு வந்து நிப்பா. அவகிட்ட மீனு செத்துப்போச்சுன்னு சொல்லப் போறியளா?"

"சொல்லத்தான் போறேன். வெட்டுறவன் வெட்டட்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஆத்தங்கரை ஊர்க்காரவியளையும் நம்மள மாதிரி வானத்தப் பாத்து உக்கார வைக்கச் சொல்லுதியா?"

"அப்ப இவளுவ கஞ்சிக்கு?"

[இங்கே மாற்று மரம், சர்க்கார் உதவி, புதுத் தொழில் என்று விதவிதமாக முடிவுகள் எழுதினேன். எல்லாம் பொய். கிழித்துப் போட்டுவிட்டேன்.]

4

காலையில் சுப்புத்தாய் வாசலில் நிற்கிறாள். காசிராஜன் சாவியோடு வருகிறார். மனசை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். மாற்ற எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அவர் அவளிடம் சொல்ல வேண்டியதை எழுத எனக்குக் கை வரவில்லை. என் தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறது, அந்த ஆற்றைத் திருப்பி எடுத்த மின்சாரத்தில்.

"அண்ணாச்சி, மரம் வந்துருச்சா?" என்று கேட்கிறாள்.

அவள் உங்களையும் பார்த்துத்தான் கேட்கிறாள். சொல்லுங்கள்.

* எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி முதலாளிக்கு மட்டும்.