ஆவுடையப்பனைத் தட்டிப் பார்த்தார்கள்

பால் பொங்கும்போது வீட்டுக்குள் நிற்கிறவர் அந்த வீட்டைச் சேர்ந்த பொருளாகிவிடுவார். இது ஊரறிந்த விஷயம். அதனால்தான் விவரமானவர்கள் முதலில் வீட்டைச் சோதித்துவிட்டு, அப்புறம் பால் காய்ச்சுகிறார்கள். ஆவுடையப்பனும் விவரமானவர்தான். ஆனால் நல்ல நேரம் முடியப்போகிறதே என்று அவருக்கு ஒரு பதற்றம்.

"வீடு எங்க போயிரப் போகுது? சோதனையெல்லாம் அப்புறம் வச்சுக்கிடலாம்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார். சீனியை மறந்துவிட்டு வந்திருந்தார்கள். அவர் மனைவி செண்பகவல்லி சீனி வாங்கக் கீழே கடைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கிவிட்டது.

அவள் சீனிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றாள். ஹாலிலிருந்து வாசலுக்குப் போகிற நடை காலையில் இரண்டு எட்டில் முடிந்தது. இப்போது ஒரு தெருவின் நீளம் இருந்தது. ஆவுடையப்பன் நடந்தார். சுவரும் கூடவே நடந்தது. வேர்த்துப்போய்த் திரும்பிப் பார்த்தால் அடுப்பு முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

"செண்பகம், வெளிய வர முடியலட்டீ."

"பால் பொங்கிட்டா?"

"பொங்கிட்டு."

"நான் வாரதுக்குள்ளயா?"

அவளுக்கு அதுதான் வருத்தம். அவர் அகப்பட்டுக்கொண்டதைப் பற்றி அப்புறம்தான் யோசித்தாள்.

வீடு சோதிக்கிற இன்பராஜ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஒரு கையில் மட்டம் பார்க்கிற ரசமட்டம், இன்னொரு கையில் சின்னச் சுத்தியல். நடையைச் சாதாரணமாகத் தாண்டி உள்ளே வந்தார். அவருக்கு அது இரண்டு எட்டுதான். ஆவுடையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

"இது வீட்டோட வருதா மேடம்?"

"அவுகளும் நானும் சேந்துதான் வீடு வாங்குதோம்."

"பால் பொங்கும்போது உள்ள இருந்தாரா?"

"இருந்தாக."

"அப்ப வாங்குறது நீங்க மட்டும்தான்."

"உங்களுக்குப் போன் பண்ணினதே நான்தான் தம்பி" என்று ஆவுடையப்பன் உள்ளிருந்து கத்தினார்.

"எதிரொலி இருக்கு மேடம்" என்றார் இன்பராஜ். "சாமான் கொண்டாந்து வச்சா சரியாயிரும்."

பிறகு விளக்கினார். சோதனையில் பல விதம் இருக்கிறது. வாங்குகிறவருடைய தேவையைச் சொன்னால் அதற்குத் தக்கதைச் செய்வார். சும்மா கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். அதில் அசைகிற பொருளையெல்லாம் வெளியே விட்டுவிடுவார்கள். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது போதும். தட்டியும் பார்க்கலாம். ஆனால் தட்டிய பொருளெல்லாம் வீட்டோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும். குடியிருக்கப் போகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

"அதுலயும் திருப்தி இல்லன்னா நீங்களே உள்ள இருந்து பார்க்கணும். அதை யாரும் கேக்கிறதில்ல."

ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கண்ணால பாத்தாப் போதும்னு சொல்லு செண்பகம்."

செண்பகவல்லி யோசித்தாள். "தட்டிப் பாக்காம ஒரு சட்டிகூட வாங்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக?"

"அது சட்டிக்குச் சொன்னதுட்டீ."

"இது வீடுல்லா."

கட்டின நாளிலிருந்து இவள் என் பேச்சைக் கேட்டதே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அத்தனையையும் கேட்டு வைத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

"தட்டிப் பாருங்க" என்றாள்.

"விடுங்க தம்பி" என்று ஆவுடையப்பனின் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. அடுக்களைப் பரண் பேசியது. இதற்கு முன்னால் இந்த வீட்டை வாங்க வந்த சுடலைமுத்து அண்ணாச்சிதான் இப்போது பரணாக இருக்கிறார்.

"அண்ணாச்சி, உங்களையும் தட்டினாங்களா?"

"தட்டினாங்க. சத்தமெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. வீட்டம்மாவுக்குத்தான் வீடு பிடிக்கல. கெழக்கு வாசல் வேணும்னுட்டா."

"அப்புறம்?"

"பாளையங்கோட்டையில ஒண்ணு வாங்கிட்டா. கெழக்கு வாசல்."

"உங்களை வந்து பாக்குறாங்களா?"

பரண் கொஞ்சம் தூசி உதிர்த்தது. "பாத்திரம் மேல ஏத்தினா தொடச்சிட்டு ஏத்தச் சொல்லுங்க" என்றது.

அதுவரை ஆவுடையப்பனுக்கு வெளியே போக முடியாதே என்ற கவலை மட்டும்தான் இருந்தது. இப்போது வேறொரு பயம் வந்து சேர்ந்துகொண்டது. அவளுக்கு இந்த வீடு பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

இன்பராஜ் தரையைத் தட்டினார். சுவரைத் தட்டினார். பிறகு ஆவுடையப்பனிடம் வந்து கீழிருந்து ஆரம்பித்தார்.

"முழங்கால்ல லேசா ஆட்டம் இருக்கு. தோள் மட்டம் இல்ல, ஒரு பக்கமா சாயுது."

"ஸ்கூட்டர்ல விழுந்தது தம்பி."

"எதிரொலி" என்றார் இன்பராஜ். உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "இங்க கொஞ்சம் பொக்கா கேக்குது மேடம்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் செண்பகவல்லி வாசலிலிருந்து.

நெஞ்சைத் தட்டியபோது சத்தமே வரவில்லை. இன்பராஜ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை நனைந்திருந்தது.

"ஓதம் அடிச்சிருக்கு."

"மழைத் தண்ணியா?"

"வெளிய இருந்து வரல மேடம். உள்ளயே ஊறுது. இது பழசு. மேல மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க." நகத்தால் சுரண்டினார். மேலே சந்தன நிறம் உதிர்ந்தது. அடியில் நீலம் தெரிந்தது. "இந்த நீலம் எப்ப அடிச்சது?"

செண்பகவல்லி சீனிப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் கோவிச்சுக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்ப எங்க பழைய வீட்டுக்கு அடிச்சது. என்னைக் கூப்பிடக்கூட வரல. நானாத்தான் திரும்பி வந்தேன். ஏன் வரலன்னு கேட்டா, பெயின்ட் வேலை நடந்துச்சு, நீ இல்லாம நிம்மதியாத் தூங்கினேன்னு சொன்னாக."

"நிம்மதியா இருந்தா இவ்வளவு ஊறியிருக்காது மேடம்."

"அது வெறும் வேர்வை" என்றார் ஆவுடையப்பன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த கௌரவம் ஒரு நகத்துக்குத் தாங்கவில்லை.

"ஓதம் உள்ள வீட்டை எடுக்காதீங்கன்னுதான் நாங்க சொல்லுவோம்" என்றார் இன்பராஜ். "பக்கத்துத் தெருவுல கெழக்கு வாசல் ஒண்ணு காலியா இருக்கு."

பரண் இருமியது.

செண்பகவல்லி நடையின் அந்தக் கோடியில் நின்று அவரையே பார்த்தாள். "நானே இருந்து பாக்குதேன்" என்றாள்.

"உள்ள வந்துட்டா திருப்தி ஆகுற வரைக்கும் வெளிய வர முடியாது மேடம்."

"எனக்கு எதுலதான் திருப்தி ஆயிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

"வராதட்டீ" என்று ஆவுடையப்பன் கத்தினார். "நீயும் மாட்டிக்கிடுவ." கத்தினாரே தவிர, சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் அவளுக்கு உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. இதையும் கேட்டுவிடுவாளோ என்று பயந்தார்.

அவள் கேட்கவில்லை. மத்தியானம் முழுக்க அந்த நடையில் நடந்தாள். நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து மறுபடியும் நடந்தாள். வெயில் சாயும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றாள். திரும்பி நின்று அவர் நெஞ்சில் முதுகைச் சாய்த்தாள்.

"தாங்குமா?" என்று வாசலில் நின்ற இன்பராஜைப் பார்த்துக் கேட்டாள்.

"தாங்கும் மேடம். ஓதம் மட்டும் சேலையில ஒட்டும்."

"ஒட்டட்டும்."

அவ்வளவு தூரம் நடந்த களைப்பில் நின்றபடியே தூங்கிப்போனாள். அவள் தலை பாரமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அது எவ்வளவு பாரம் என்று அவர் தெரிந்துகொண்டதில்லை.

இன்பராஜ் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கதவைச் சாத்தவில்லை. அவர் தலை மறைந்ததும் நடை மளமளவென்று சுருங்கியது. வாசல் ஆவுடையப்பனுக்கு இரண்டு எட்டில் வந்து நின்றது. வெளியே யாரோ லிஃப்டைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. காற்று வந்தது.

"தம்பி, இது எப்பவாவதுதான் இப்படிக் கிட்ட வரும்" என்று பரண் அடங்கின குரலில் சொன்னது. "சட்டுனு போயிருங்க."

ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார். கால் அசைகிறதா என்று கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தார். அசைந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். ஆனால் அவர் நகர்ந்தால் இவள் பின்னால் விழுந்துவிடுவாள்.

"போகலையா?" என்றது பரண்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றார். "இப்பத்தான் தூங்குறா."

நடை மறுபடியும் நீளத் தொடங்கியது. அவர் மூச்சைக்கூட அடக்கி விட்டுக்கொண்டு நின்றார்.