கத்திரி வந்த மலை

பந்தலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் யூனிஸ் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கையோ காலோ கெட்டுப்போனவர்களை மறுபடி அவரவர் வேலைக்குத் திருப்புவது அவள் வேலை. எவ்வளவு சொன்னாலும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு அவள் டாக்டரம்மாதான். திருத்துவதை அவளும் விட்டுவிட்டாள்.

வேலையில் இருந்துகொண்டே முதுநிலைப் படிப்பும் படித்தாள். வகுப்பு கோயம்புத்தூரில், சனி ஞாயிறு. பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் கூடலூர் வருமுன் கண் சொக்கிவிடும். மிச்சமிருந்தது ஆய்வேடு ஒன்றுதான். மணிக்கட்டு முறிந்த பெண்கள் மறுபடி கொழுந்து பறிக்கப் போக முடியுமா என்பது விஷயம். அதில் கடைசி ஆள் மூக்கம்மா.

மூக்கம்மா சிலோனிலிருந்து வந்த குடும்பம். சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு போயிற்று. கட்டைப் பிரித்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பகையாளிகள் மாதிரி விலகியே நின்றன. மாதக்கணக்கில் பழக்கி, ஈரிலையும் மொட்டும் நசுங்காமல் கிள்ளும் அளவுக்கு யூனிஸ் கொண்டுவந்துவிட்டாள். மலையில் ஒருநாள் அவள் பறிப்பதைப் பார்த்து எழுதினால் படிப்பு முடிந்தது. இனிமேல் படிப்பு லீவு என்று வந்து நிற்காதே என்று பெரிய டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

அன்று மலைக்குப் போனால், எல்லார் கையிலும் பை கோத்த பெரிய இரும்புக் கத்திரி. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஆளைக் குறைத்து, கையால் கிள்ளுவதை நிறுத்தி, வெட்டச் சொல்லிவிட்டார்களாம். மூக்கம்மாவும் ஒன்றை வாங்கி வெட்டிப் பார்த்தாள். பாதி நிரையில் மணிக்கட்டு நடுங்கி, கத்திரி செடிமேல் சாய்ந்தது.

"கத்திரி வந்தது முன்னமே தெரியுமாக்கா?"

"தெரியுங்க. ஆடியிலருந்து இதுதான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கிள்ளத்தானே சொன்னீங்க. வெரலு சேந்தன்னைக்கு உங்க மொகத்துல அம்புட்டுச் சிரிப்பு. அதுல போயி எப்பிடிச் சொல்ல."

கேட்டுக்கொண்டிருந்த கங்காணி தினகரன் வழி சொன்னான். மானேஜர் துரை பங்களா ஓரத்தில் நாலு நிரை மட்டும் துரை வீட்டுத் தேயிலைக்காகக் கைப்பறிப்புக்கு விட்டிருக்கிறதாம். அங்கே கிள்ளச் சொல்லி எழுதிக்கொண்டு போகலாம். "எம் பொண்ணு பத்தாவதே அப்பிடி இப்பிடித்தான் தாண்டுச்சு டாக்டரம்மா. பாஸுன்னா பாஸுதான், யாரு நோண்டிப் பாக்கப்போறா?"

போனார்கள். மூக்கம்மாவின் விரல்கள் கோழி கொத்துவது போலக் கிள்ளின. யூனிஸ் பேனாவைத் திறந்தாள். எழுதினால் பொய்யில்லை. விரல் சரியாகிவிட்டது, கொழுந்து பறிக்கிறாள். செடிகளுக்கு நடுவே நின்றபடியே, எழுதுமுன் தினகரனைக் கேட்டாள்.

"நாளைக்கு அக்காவுக்குப் பேர் போடுவீங்களா?"

பேர் போட்டால்தான் அன்றைக்குக் கூலி. தினகரன், துரையின் பங்களாப் பக்கம் பார்த்தான்.

"கத்திரி புடிச்சா போடலாமுங்க. இந்த நாலு நெரைக்கு ஆளு இருக்கு."

வேலைக்குத் திரும்பவில்லை என்று எழுதி மூடினாள். பஜாரில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, ஆய்வேட்டைப் பார்க்கும் கல்லூரி மேடத்துக்குப் போன் போட்டாள். மேடம் திட்டவில்லை. ஆய்வே கிள்ளுவதை வைத்துத்தானே, அப்படியானால் பயிற்சியைக் கத்திரிக்கு மாற்றிச் செய்ய வேண்டும், இன்னொரு வருஷம் ஆகும், முடியுமா என்று மட்டும் கேட்டார். யூனிஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, முடியும் மேடம் என்றாள்.

வெளியே, கூடவே வந்திருந்த மூக்கம்மா பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பாஸாங்க?"

"இல்லக்கா."

"என்னாலயா?"

"மலையில என்ன வேலை நடக்குதுன்னு நான் வந்து பாத்திருக்கணும். திங்கக்கிழமை வாங்க. கத்திரிக்குத் தோள்லருந்து ஆரம்பிக்கணும்."

"தோளுமா?" மூக்கம்மா வலது தோளை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். "சரிங்க. ஆனா உங்க பெரிய டாக்டரு லீவு தருவாரா?"

"தரமாட்டாரு," என்றாள் யூனிஸ். "கேட்டுத்தான் பாக்கணும்."