கூரை மட்டும் நின்ற வீடு

கூரைக்காரரிடம் காற்றைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் போச்சு, லேசில் ஆளை விடமாட்டார். எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும், தகரத்தின் எந்த ஓரத்தைப் பிடித்துத் தூக்கும், எதைப் போட்டால் அடங்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளவும் முடியாது. அவர் போட்ட கூரை ஒன்றுகூட இதுவரை பறந்ததில்லை.

தன் சொந்த வீட்டுக்கு அவர் செய்திருந்ததைப் பார்க்க வேண்டுமே! கூரைச் சட்டங்களை இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு கட்டியிருந்தார். தகரத்துக்கு ஆணியே கிடையாது, எல்லாம் திருகாணி. அதற்குக் கீழே கனத்த பலகையில் உள்கூரை. வாசல் கதவைக்கூட வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியிருந்தார். காற்று தள்ளத் தள்ளக் கதவு இன்னும் இறுகும் என்பது அவர் கணக்கு.

"கூரையைக் கட்டிக்கிட்டு அழற மனுஷன் என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?" என்று மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். அக்கம்பக்கத்தில் யாராவது கூரையைப் புகழ்ந்தால் மட்டும் அவள் முகத்தில் பெருமை பொங்கும்.

பக்கத்து வீடு அவருடைய தங்கை வீடு. தங்கை புருஷன் நல்ல மனிதர்தான், ஆனால் சோம்பேறித்தனத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "உங்க வீட்டுத் தகரம் ஆடுது மாப்பிள்ளை, ஒரு நாள் இறுக்கிக் கொடுத்துடறேன்" என்று கூரைக்காரர் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம் மச்சான்" என்பார் அவர். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை.

அந்த வருஷம் ஒரு புயல் கிளம்பியது, கடலில் இருந்தபோது அது நாலாம் வகை. அஞ்சுக்கு மேல் வகையே கிடையாது என்பதால் ஊர் கதிகலங்கிப் போனது. கூரைக்காரர் தன் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து பலகை வைத்துத் திருகி மூடினார். புயல் கரைக்கு வருகிற அன்று காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. மாடியில் ஜனங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள், கூரை சடசடக்கிறது, உடனே வரவேண்டும் என்றார்கள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள், புயல் வலுவிழந்து ஒன்றாம் வகை ஆகிவிட்டது என்று. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ரேடியோ அதோடு நிறுத்தவில்லை. கடல் நீர் உள்ளே வரும், தாழ்வான இடத்தில் இருக்கிறவர்கள் வெளியேறுங்கள் என்று அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. யார் கேட்டது? ஒன்று என்ற எண் காதில் விழுந்ததும் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, நானும் அங்கயே வந்துடட்டுமா? துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். தண்ணி வரும்னு சொல்லிக்கிட்டே இருக்கான்."

"நாலே ஒண்ணாயிடுச்சு, இப்ப போய் வரேங்கிறியே. ஒண்ணெல்லாம் நம்ம கூரைக்குத் தூசு. இந்த ஊர்லயே பத்திரமான இடத்துல நீதான் இருக்கே. கதவைச் சாத்திட்டுப் படு."

"சரி" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் அவள். பேசவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் கடல் தெருவுக்குள் வந்தது. மாப்பிள்ளை வீட்டுத் தகரம் முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் மார்புக்கு ஏறியபோது அவரும் தங்கையும் அலமாரி மேல் ஏறி, கூரை இருந்த இடத்தின் வழியாகச் சுவர் மேல் வந்து, விடிகிறவரைக்கும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கூரைக்காரர் வீட்டில் ஒரு திருகாணிகூட அசையவில்லை. வெளியே நின்ற தண்ணீர் கதவைத் திறக்கவிடவில்லை. மறுநாள் நாலு பேர் சேர்ந்து ஜன்னல் பலகையைப் பெயர்த்துத்தான் மனைவியின் உடலை வெளியே கொண்டுவந்தார்கள்.

அதற்கப்புறம் கூரைக்காரர் வேலைக்குப் போகவில்லை. அழக்கூட இல்லை. பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தார். கூரை போன வீட்டின் மேல் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்த தங்கை சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள், காய்ந்துபோன தட்டை எடுத்துக்கொண்டு போவாள். மாப்பிள்ளை தான் உயிரோடு இருப்பதே ஏதோ தப்பு மாதிரி அவர் கண்ணில் படாமல் நழுவித் திரிந்தார்.

புயல் சேதத்தை ஆராய ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். தெருவில் எல்லாக் கூரையும் போயிருக்க, இது ஒன்று மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு நேரே வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியாது.

"யாருங்கய்யா இந்தக் கூரையைப் போட்டது?"

"நான்தான்."

"வேலைன்னா இதுதான் வேலை" என்றாள். ஒரு இன்ஜினியர் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க அவர் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார்!

"வெறும் ஒண்ணுதானேம்மா வந்துச்சு" என்றார். "ஒண்ணு எப்படிம்மா இவ்வளவு தண்ணி கொண்டுவரும்?"

"அந்த எண் காத்தோட வேகத்துக்கு மட்டும்தாங்கய்யா. தண்ணிக்கு இல்ல. நாலா இருந்தப்ப தள்ளிக் குவிச்ச தண்ணி, காத்து குறைஞ்சதும் திரும்பிப் போயிடாதே. புயலும் அகலமானது, மெதுவா வேற வந்துச்சு."

அவர் தலையாட்டினார். அவள் உள்ளே போய் டார்ச் அடித்து உள்கூரையைப் பார்த்தாள். பலகையில் ஒரே இடத்தில் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது, இரண்டு மூன்று சில்லும் பெயர்ந்திருந்தது.

"இது என்னய்யா, உள்ளேயிருந்து அடி பட்டிருக்கு? காத்தா?"

"காத்து இல்லம்மா. என் வீட்டுக்காரி. நாற்காலிக் காலால அடிச்சிருக்கா."

டார்ச் அணைந்தது. அந்தப் பெண் சேறு காயாத வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூரைக்காரர்தான் பேசினார். தொழிலைப் பற்றி இதுவரை அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"தங்கச்சி வீட்டுக்குக் கூரை போடணும்மா. ஆள் வெளிய வர ஒரு வழி விடணும், உள்ளேயிருந்து ஒரு பொம்பளை ஒத்தையாத் தள்ளினாத் திறக்கிற மாதிரி. அதை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."