கிரில் இல்லாத வாரம்

குழந்தைகள் அறை ஜன்னலின் கிரில்லைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. போன சனிக்கிழமை கழற்றினான். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கோட் அடித்து, பால்கனியில் சாய்த்து வைத்தான். மறுநாள் பெயிண்ட் அடித்து மாட்டிவிடுவதாக இருந்தது. மறுநாள் மழை. திங்கட்கிழமை முதல் வேலை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். சனிக்கிழமை அவளுக்கு இரண்டு மணி வரை வேலை, அவனுக்கு விடுமுறை. அன்று ஆறு வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் அவன் பொறுப்பு. வீட்டில் பழுதானவையும் அவன் பொறுப்பு.

"இன்னைக்கு முதல் வேலை கிரில்," என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "மூணாவது மாடில ஜன்னல் ஓட்டையா நிக்குது. எனக்குத் தூக்கமே வரல."

"ஜன்னல்தான் சாத்தியிருக்கே."

"சாத்தியிருக்கு, சாத்தியிருக்கு. இந்தச் செருப்பு ஸ்டாண்டும்தான் ரெண்டு மாசமா மூணு கால்ல நிக்குது. ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் உங்க கை பட்டா ஓடுது. நம்ம வீட்ல கை பட்டா நின்னுடுது."

"அப்பா, நோட் பண்ணிக்கோ," என்றாள் பெரியவள். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். "கிரில் ஒண்ணு. ஸ்டாண்டு ரெண்டு."

"சரிங்க மேனேஜர்."

மனைவி சிரித்தபடியே படியிறங்கினாள்.

அவன் முதலில் கிரில்லை எடுக்கவில்லை. குழந்தைகள் அறைக் கதவின் கைப்பிடி கொஞ்ச நாளாகச் சரியில்லை. உள்ளிருந்து திருப்பினால் திறந்தது, வெளியிலிருந்து திருப்பினால் சும்மா சுற்றியது. கால் மணி நேர வேலை. முதலில் இதை முடித்துவிட்டால் மனசு லேசாகும், பிறகு நிதானமாகப் பெயிண்ட் வேலையில் உட்காரலாம் என்று நினைத்தான். அவன் சனிக்கிழமைகள் எல்லாமே இப்படி ஒரு கால் மணி நேர வேலையில்தான் தொடங்கின.

டூல்ஸ் பெட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் செருப்பைச் செருகினான். இரண்டு பக்கத்துக் கைப்பிடிகளையும் கழற்றினான். இரண்டையும் இணைக்கும் சதுரக் கம்பியை உருவினான். குனிந்து துளை வழியாகப் பார்த்தபோது பழுது தெரிந்தது. உள்ளே இருந்த சின்ன வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்பக்கத்துப் பாதி மட்டும்தான் பூட்டின் நாக்கை இழுத்தது. வெளிப்பக்கத்துப் பாதி தனியாகச் சுழன்றது.

"ஆ காட்டுங்க. இன்னும் பெருசா," என்று பின்னால் பெரியவள் சொல்வது கேட்டது.

திரும்பினான். சின்னவன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான். வாயை நன்றாகத் திறந்திருந்தான். அவள் அவன் மேல் குனிந்து, ஸ்குரூடிரைவரை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சொத்தை இருக்கு," என்றாள்.

அவன் எழுந்தது அவனுக்கு நினைவில்லை. ஸ்குரூடிரைவரைப் பிடுங்கினான். அவள் கன்னத்தில் அறைந்தான். இதுவரை அவளை அடித்ததில்லை.

"தொடாத! பெட்டில எதையும் தொடாத! தம்பியையும் தொடாத! ஒரு இடத்துல உக்காரு!"

அவள் உட்கார்ந்தாள். அழவில்லை. சுவரைப் பார்த்துக் காலை மடக்கி உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சின்னவன் அக்காவையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தான்.

அவனுக்கு உள்ளங்கை எரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, பூட்டில் விட எண்ணெய் எடுக்கச் சமையலறைக்குப் போனான். எண்ணெய்க் குப்பி மேல் தட்டில் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினான். அப்போது கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு சின்ன 'க்ளிக்'.

கதவு சாத்துவது சின்னவனுக்குப் பிடித்த விளையாட்டு. செருப்பு அவன் கைக்கு எளிதாக வந்திருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் கதவில் ஒரு சதுரத் துளை மட்டும் இருந்தது. கம்பி, கைப்பிடிகள், பெட்டி எல்லாம் உள்ளே. சார்ஜில் போட்டிருந்த போனும் உள்ளே. சமையலறைக் கத்தியின் நுனியைத் துளையில் விட்டுத் திருகினான். வெளிப்பக்கத்துப் பாதி சும்மா சுழன்றது. ஆழமாக அழுத்தினான். நுனி ஒடிந்து துளைக்குள் விழுந்தது. தோளால் கதவை ஒரு முறை இடித்தான்.

"இடிக்காதப்பா," என்றாள் பெரியவள் உள்ளிருந்து. குரல் உணர்ச்சியில்லாமல் இருந்தது. "குட்டித் தம்பி ஆடுறான்."

"எங்க ஆடுறான்?"

"ஜன்னல்ல."

கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப் போட்டதும் அவன்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. குழந்தைகளுக்குக் காற்று வரட்டும் என்று.

"ஜன்னல் சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு. கொண்டியைத் தட்டிக்கிட்டு இருக்கான்."

அதைத் தட்டித் திறக்கச் சின்னவனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை. அது அடிச்சட்டத்தில் இருக்கும் கொண்டி. பெரியவர்கள் ஒரு விரலால் தூக்குவது. கதவை உடைக்கலாம். நான்கைந்து இடியாவது ஆகும். ஒவ்வொரு இடிக்கும் அவன் அந்த விளிம்பில் திடுக்கிட்டுத் திரும்புவான். பக்கத்து வீட்டைக் கூப்பிடக் கத்தினாலும் அதேதான்; கதவை விட்டு நகரவும் முடியாது.

"தம்பியப் பிடிச்சுக் கீழ இறக்கு பாப்பா."

கொண்டியைத் தட்டும் ஓசைதான் தொடர்ந்தது.

"பாப்பா, தம்பியப் பிடி."

"நீதான் தொடாதன்ன."

அவனுக்குக் கத்தத்தான் வந்தது. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டான். எத்தனையோ கதவுகளுக்கு வெளியே இப்படி நின்றிருக்கிறான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் சிலர் அழுவார்கள், சிலர் அவன் அம்மாவைத் திட்டுவார்கள், ஒருவர் உள்ளிருந்து கதவை நெம்பிக் கையை நசுக்கிக்கொண்டிருக்கிறார். அவர்களிடம் பேச அவனுக்கு ஒரு முறை உண்டு. என்ன நடந்தாலும் அதே வரிசை, அதே குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் வரும்போது பெரியவள் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"வணக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக் பேசறேன். கதவுக்கு வெளியதான் நிக்கிறேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

உள்ளே கால்கள் நகரும் ஓசை.

"ரெண்டு பேர் சார்."

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

"ஒருத்தர் ஜன்னல் மேல நிக்கிறார்."

"அவர் சொன்னா கேட்பாரா மேடம்?"

"கேக்க மாட்டார் சார். அவர் சின்னப் பையன்."

"அப்ப நீங்க அவரைப் பின்னாலிருந்து, வயித்தோட சேர்த்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். பிடிச்சதும் அப்படியே கட்டில்ல உக்காந்துடணும். மெதுவா போங்க. அவரைக் கூப்பிட வேண்டாம்."

கட்டில் கிறீச்சிட்டது. சின்னவன் வீறிட்டான். அந்தக் கத்தல் நெருங்கி வருகிறதா தூரமாகப் போகிறதா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டான்.

"பிடிச்சாச்சு சார். கடிக்கிறார்."

"தரையில இறக்கி உக்கார வைங்க. ஏதாவது கையில குடுங்க."

"என்ன குடுக்கறது?"

"அவருக்கு என்ன வேணும்?"

"உங்க போன் கேக்கறார்."

"குடுத்துடுங்க."

கத்தல் நின்றது. போனில் ஏதோ ஒரு பாட்டு அரைகுறையாக ஒலித்து நின்று மீண்டும் ஒலித்தது. இன்னும் ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம். சின்னவன் எதிலும் அதற்கு மேல் இருப்பவனில்லை.

"மேடம், தரையில ஒரு சதுரக் கம்பி கிடக்கும். உங்க விரல் நீளம். அதை எடுங்க."

அவள் காலடிகள் கதவருகே வந்து நின்றன.

"மேடம்?"

"மெக்கானிக் அப்படிச் சொல்ல மாட்டார்," என்றாள். "உள்ள எதையும் தொடாதீங்கன்னுதான் சொல்லுவார்."

உண்மைதான். அவன் வரிசையில் அதுதான் கடைசி வாக்கியம். அதை மீற அவனிடம் வேறு வாக்கியம் எதுவும் தயாராக இல்லை.

"பாப்பா, அப்பா பேசறேன். அந்தக் கம்பிய எடு."

"எடுத்தா அடிப்ப."

"மாட்டேன்."

"அடிச்சல்ல."

"அடிச்சேன்."

"நான் டாக்டரா இருந்தேன். குட்டிக்கு வலிக்கவே இல்ல. அவன் சிரிச்சான்."

"பயந்துட்டேன் பாப்பா. ஸ்குரூடிரைவர் தொண்டையில குத்திடும்னு பயந்துட்டேன். அதைப் பெட்டிக்குள்ள வைக்காம விட்டது நான். உன் மேல தப்பில்ல."

அவள் அதைப் பற்றி யோசிப்பது தெரிந்தது. அவளை அவசரப்படுத்தக் கூடாது. கதவுக்குப் பின்னால் போன் பாட்டு நின்றது. பெரிய ஓசையுடன் எதுவோ தரையில் விழுந்தது.

"குட்டி போனை எறிஞ்சிட்டான்."

"பரவாயில்ல. கம்பி இருக்கா?"

"கையில இருக்கு."

"கதவுல ஓட்டை தெரியுதா? அதுல விடு. போகலைன்னா கொஞ்சம் திருப்பி விடு. சதுரத்துக்குச் சதுரம் சேரணும்."

கம்பியின் நுனி துளைக்குள் தடவுவதைப் பார்த்தான். ஒடிந்த கத்தி நுனியில் தட்டி நின்றது. பின்வாங்கியது. மறுபடி வந்தது.

"குட்டி கட்டில்ல ஏறுறான்பா."

"பார்க்காத. கம்பியப் பாரு. இப்ப கைப்பிடிய எடுத்து கம்பில மாட்டு. கொக்கு மூக்கு மாதிரி இருக்கும்ல, அது."

"ரெண்டு இருக்கு."

"எதுன்னாலும் சரி. மாட்டிட்டு, நீ எழுதற கையால அதைக் கீழ அழுத்து. தொங்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கு."

கம்பி அசைந்தது. நாக்கு பாதி உள்ளே போய்த் திரும்பியது. "வழுக்குது," என்றாள். இப்போது குரல் நடுங்கியது. அறைக்குள்ளிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தது. கீழே தெருவில் போகும் வண்டிகளின் சத்தம். இதுவரை அது கேட்கவில்லை.

"தொங்கு பாப்பா."

கதவு திறந்துகொண்டது. அவன் அவளை இடிக்காமல் ஒருக்களித்து நுழைந்தான். ஜன்னலின் ஒரு கதவு வெளியே முழுதாகத் திறந்திருந்தது. சின்னவன் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். கால்கள் இரண்டும் கட்டிலை விட்டு எழும்பியிருந்தன. அவனைக் கூப்பிடவில்லை. நான்கு எட்டு வைத்தான். சட்டையோடும் கால்சட்டையோடும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினான்.

"பஸ்," என்றான் சின்னவன், வெளியே கைகாட்டி.

ஜன்னலைச் சாத்தினான். குழந்தையை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று தெரியாது. பெரியவள் கதவருகிலேயே நின்றாள். கைப்பிடியை இன்னும் விடவில்லை. வா என்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்து, தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு வந்தாள்.

ஒரு மணிக்குள் கிரில் ஜன்னலில் ஏறிவிட்டது. பெயிண்ட் இல்லாமல், செம்மண் நிறத்திலேயே. ஒவ்வொரு ஸ்குரூவையும் இரண்டு முறை முறுக்கினான். பிள்ளைகள் இருவரையும் கண்ணெதிரே ஹாலில் உட்கார வைத்திருந்தான். பெரியவள் மேற்பார்வைக்கு வரவில்லை. சோறு போட்டான். சாப்பிட்டார்கள். மனைவியிடம் எதைச் சொல்வது என்று யோசித்தான். ஒன்றும் ஆகவில்லையே. கதவு மாட்டிக்கொண்டது, திறந்துவிட்டேன் என்றால் முடிந்தது. மாட்டிய கிரில்லைப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

இரண்டரைக்கு வந்தாள். பையைத் தோளில் வைத்துக்கொண்டே நேரே அந்த அறைக்குப் போய்ப் பார்த்தாள்.

"அடடா! கிரில் ஏறிடுச்சே! இன்னைக்கு மழைதான்." திரும்பி, "ஏன் பெயிண்ட் அடிக்கல? மேனேஜர் லீவா?" என்றாள்.

அவன் வாயைத் திறக்குமுன் பெரியவள் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா என்னை அடிக்கவே இல்லம்மா," என்றாள்.

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை. மனைவியின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கண்கள் மட்டும் மாறின. குனிந்து பெண்ணின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதவைப் பார்த்தாள், கைப்பிடி இல்லாத துளையைப் பார்த்தாள், திரை உடைந்து கட்டிலில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலம்மா," என்றாள் பெரியவள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சரியாகச் சொல்கிறோமா என்று கேட்கும் பார்வை.

"பாப்பா, வேண்டாம். நீ சொல்ல வேண்டாம்," என்றான் அவன். மனைவியிடம், "உக்காரு," என்றான்.

அவள் உட்காரவில்லை.

"காலைல இவளை அடிச்சேன்," என்றான். "அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்றேன்."

பெரியவள் அம்மாவின் இடுப்பை விட்டுவிட்டு, இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.